மெயின் இறக்காத மத்தியானம்

பாபநாசத்தில் உரக்கடை என்றால் என் கடைதான். நான் சொல்லவில்லை, பஸ் கண்டக்டர்கள் சொல்கிறார்கள். ஸ்டாப் இல்லாத இடத்திலும் என் கடை வாசலில் நிறுத்துகிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூட்டை தூக்கி ஆரம்பித்தவன் இன்று மூன்று கடைக்கு முதலாளி. ஆனால் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. என்னிடம் பில் போடும் ஹபீபுன்னிசாவைப் பற்றி. அவளைப் பற்றி எழுதினால் நடுநடுவே நானும் வருவேன், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அவளுக்கு ஊர் இராஜகிரி. புருஷன் மலேசியாவில் சமையல் வேலை பார்த்து, உடம்பு கெட்டுத் திரும்பி வந்து படுத்தபோது என்னிடம் வேலை கேட்டு வந்தாள். உரக்கடையில் பொம்பளையை எப்படி உட்கார வைப்பது என்று நாலு பேர் கேட்டார்கள். வைத்தேன். இந்த ரோட்டிலேயே உரக்கடையில் ஒரு பெண்ணுக்கு நாற்காலி போட்ட முதல் ஆள் நான்தான்.

யூரியா என்று யாராவது கேட்டால் அவள் உடனே பில் போட மாட்டாள். "பயிரு கருகருன்னு இருக்குன்னு போன தடவதானே சொன்னீங்க, இன்னும் எதுக்கு யூரியா? அப்பறம் புகையான் பூச்சி வந்துட்டுன்னு என்னைத்தான் ஏசுவீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். ஆரம்பத்தில் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவன் அடுத்த போகத்துக்கு அக்கம்பக்கத்து வயல்காரனையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தான். ஆள் பார்த்து வேலை கொடுப்பதில் எனக்கு ஒரு கை ராசி உண்டு.

போன வருஷத்திலிருந்து அவளுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பார்வையின் நடுப்பகுதி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது, கண்ணாடியாலும் ஆபரேஷனாலும் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஆளப் பாத்தா காது தெரியுது மொதலாளி, மூக்கத்தான் காணும்" என்று சிரிப்பாள். ஆனால் பில் விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. ஐந்து மூட்டைக்கு ஐம்பது என்று அடித்துவிட்டாள். இன்னொரு நாள் விதை நெல்லுக்குப் பதில் களைக்கொல்லி.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது என் மகன் மதிவாணன். கெட்ட மனசுக்காரன் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து பில்லுக்கு வேறு ஒரு பெண் வருகிறாள், அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மாதாமாதம் ஏதாவது கொடுத்துவிடலாம் என்றான். அதைச் சொன்னதும் அவள் என்னிடம் வந்தாள். "சும்மா குடுக்கறது வேணாம் மொதலாளி. வீட்ல உக்காந்தா நான் குருடி. இங்க உக்காந்தா பில்லு போடறவ."

அதற்கு மேல் எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. தஞ்சாவூர் சாய்ராமுக்கு ஃபோன் போட்டேன். என் மூன்று கடைக் கம்ப்யூட்டர்களும் அவர் கம்பெனி பொறுப்பில் இருக்கின்றன. முன்பு வேலைக்கு இருந்த ஒருவன் சினிமா ஏற்றி, வைரஸ் புகுந்து, ஒரு போகத்துக் கணக்கே போயிற்று. அன்றைக்குப் பூட்டச் சொன்னேன். இப்போது சாய்ராம் தஞ்சாவூரிலிருந்து அனுப்பினால்தான் எதுவும் ஏறும். முதலாளி நானே நினைத்தாலும் ஏற்ற முடியாது. திரையில் இருப்பதைக் காதில் படித்துச் சொல்லும் சாஃப்ட்வேர் இருக்கிறது, தமிழிலும் பேசும் என்றார். செவ்வாய்க்கிழமை அனுப்பியும் விட்டார். அது வேலை செய்தால் அக்காவே இருக்கட்டும் என்று மதிவாணனும் ஒப்புக்கொண்டான்.

வந்தது ஏறவில்லை. திரையின் மூலையில் 'காத்திருக்கிறது' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. புதன்கிழமையும் காத்திருந்தது, வியாழக்கிழமையும் காத்திருந்தது. சாய்ராமின் ஆட்கள் அங்கிருந்தே அதை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினார்கள். வேண்டாததை அழித்து இடம் பண்ணினார்கள். நெட் சரியாக வருகிறதா என்று பார்த்தார்கள். மதிவாணன் அணைத்து அணைத்துப் போட்டான். நான் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். பழைய ரேடியோவெல்லாம் அதற்குப் பயந்திருக்கிறது, இது பயப்படவில்லை.

ஹபீபுன்னிசா காலையில் வந்ததும் முகத்தைச் சாய்த்து, திரைக்கு ஒட்டினாற்போல் வைத்து, கடைக்கண்ணால் அந்தக் கட்டத்தைத் தேடுவாள். வியாழக்கிழமை சாயங்காலம் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "மிஷினுக்கும் என்னப் புடிக்கல போலருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நானே சாய்ராமைப் பிடித்தேன். அவர் ஏதேதோ கேட்டுவிட்டுக் கடைசியில், மிஷின் எந்த நேரத்தில் சும்மா இருக்கும் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் கடையில எதுவும் சும்மா இருக்காது தம்பி. கடை தொறந்தா அந்தம்மா கைய எடுக்காது. மத்தியானம் ஷட்டர எறக்குனா மெயின் ஆஃப். சாயங்காலம் எறக்குனா மெயின் ஆஃப். ஆள் இல்லாத கடையில ஒரு செவப்பு லைட்டுகூட எரிய விட்டவன் இல்ல நான்."

அது நான் போட்ட சட்டம். பக்கத்துச் சாக்குக் கிடங்கு வயர் உரசி எரிந்ததை நேரில் பார்த்தவன் நான். மெயினை இறக்கும் பொறுப்பே ஹபீபுன்னிசாவுக்குத்தான். ஒரு வேளை தவறியதில்லை.

சாய்ராம் மெதுவாக, "சார்... அதான் சார்" என்றார்.

சம்பா நேரத்தில் ஒரு தடவை, கூட்டம் நிற்கும்போது ஏதோ அப்டேட் ஏறி மிஷின் நின்றுபோய், நான் அவரை ஃபோனிலேயே உரித்துவிட்டேனாம். அதிலிருந்து என் கடைகளுக்கு மட்டும் தனியாக ஒரு ஏற்பாடு: எதை ஏற்றினாலும் கை படாமல் மிஷின் சும்மா இருக்கும்போதுதான் ஏற வேண்டும். கடை திறந்திருந்தால் கை பட்டுக்கொண்டே இருக்கிறது. கை எடுத்தால் மின்சாரம் போய்விடுகிறது. அது பாவம், எப்போது ஏறும்? என் சொல்லை இவ்வளவு சுத்தமாகக் கேட்டு நடந்தவர் என் வீட்டில்கூட யாரும் இல்லை.

ஏற்பாட்டை நீக்கிவிடட்டுமா, ஆனாலும் பாதியில் கை பட்டால் நின்றுவிடும், ஒரு மணி நேரமாவது விட வேண்டும், ராத்திரி விட்டுவிட்டுப் போகிறீர்களா என்று கேட்டார். ராத்திரி என்ற பேச்சே வேண்டாம், மத்தியானம் விடுகிறேன், நானே காவல் இருக்கிறேன் என்றேன்.

அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கியதும் அவள் வழக்கம்போல மெயினுக்குக் கையைத் தூக்கினாள். வேண்டாம் என்றேன். தூக்கிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தொழுதுவிட்டுச் சாப்பிடப் பின்னறைக்குப் போனாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தேன். சாப்பிடப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் 'காத்திருக்கிறது' போய், ஒரு பச்சைக் கோடு புழு மாதிரி நகர ஆரம்பித்தது.

அப்போது பார்த்து மெலட்டூர் பக்கிரி டிராக்டரோடு வந்து நின்றார். நடவு நடக்கிறது, அடியுரத்துக்கு டி.ஏ.பி. போதவில்லை. மதிவாணன் ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்து மவுஸில் கை வைக்கப் போனான். மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அப்பா, ரெண்டு நிமிஷம். நடவு ஆளு வயல்ல நிக்குது."

"பில் புக்க எடு. நான் எழுதறேன்."

"நீங்களா?"

"இந்தக் கடையோட மொத பில்ல யாரு எழுதினா, உங்க தாத்தாவா?"

பக்கிரி சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். "எழுதுங்க மொதலாளி. எப்படியும் அறுப்புக்குள்ள முடிச்சிடுவீங்க."

எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர் போனபின் திரை திடீரென்று கறுத்துப்போனது. முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். தானாகவே மறுபடி எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் தமிழில் பேசியது.

ஹபீபுன்னிசா கை ஈரத்தைத் துடைக்காமல் ஓடி வந்தாள். மதிவாணன் காதுக் குழாயை மாட்டிவிட்டான். அவள் ஒரு விசையைத் தட்டினாள், தலை குனிந்து கேட்டாள். இன்னொன்றைத் தட்டினாள். பிறகு பில் புக்கில் இருந்த பக்கிரி பில்லின் நகலைக் கேட்டு வாங்கி, கண்ணோரம் பிடித்துப் பார்த்தாள்.

"இது எல்லாத்தயும் படிக்குது மொதலாளி. உங்க எழுத்த மட்டும் நீங்கதான் படிக்கணும்."

நான் படித்தேன். அவள் அடித்தாள். காதில் அது சொன்னதை அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது.

மதிவாணன் பார்த்துக்கொண்டே நின்றான். "அக்கா, திங்கக்கிழம வர்ற பொண்ணு குடோன் கணக்கப் பாக்கட்டும்" என்றான். குழாய் மாட்டியிருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் போய், ஒரு காதிலிருந்து குழாயை மெல்ல எடுத்து, குனிந்து இன்னொரு முறை சொன்னான்.

"சரி தம்பி" என்றாள். "இருங்க, பக்கிரி பில்லு இன்னும் முடியல" என்று குழாயை வாங்கி மாட்டிக்கொண்டாள். நான் விட்ட இடத்திலிருந்து படித்தேன்.