பதிவேட்டில் இல்லாத ஊசி

மூன்று வருடங்களுக்கு முன், 1982 மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பாபநாசத்துக்கு நான்கு மைல் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. அந்தத் தை மாதம் அறுவடைக் கூலித் தகராறு முற்றிப் போயிருந்தது. நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். எங்கள் தெரு ஆட்கள் வயலில் கொடியை நட்டு மறித்தார்கள். ரோட்டில் போலீஸ் வேன் வந்து நின்றது.

நான் பெங்களூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தஞ்சாவூரில் தையல் படித்துவிட்டு, செயற்கைக்கோள் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே தையலுக்கு என்ன வேலை என்று கேட்காதவர்களே இல்லை. வானத்தில் வெயில் படும் பக்கம் பொசுங்கும், நிழல் பக்கம் உறையும். அதனால் மெல்லிய வெள்ளித் தாளையும் வலைத்துணியையும் மாற்றி மாற்றி இருபது அடுக்கு வைத்து, போர்வையாகத் தைத்துச் செயற்கைக்கோளை மூடுவார்கள். மூலைகளுக்கு மெஷின் ஆகாது, கைதான். இறுக்கித் தைத்தால் அடுக்குகள் ஒட்டிச் சூடு கடந்துவிடும். தளர்த்தினால் பிரிந்துவிடும். அந்தப் பதம் எனக்குக் கைவந்திருந்தது. கூடவே திமிரும்.

அங்கே காலையில் ஊசிகளை எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்கிப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஒடிந்தால் இரண்டு துண்டையும் காட்ட வேண்டும். சொந்த ஊசி கூடவே கூடாது. ஆனால் நான் கும்பகோணத்தில் வாங்கிய நீள ஊசி ஒன்றை ஒளித்துக் கொண்டுபோவேன். அவர்கள் தரும் ஊசியைவிட அது என் கைக்குப் பழகியது.

அன்று காலை அண்ணன் சட்டையில் கிழிசல் தைக்க அம்மா ஊசி கேட்டார். டப்பாவைத் திறந்தேன். அந்த நீள ஊசி இல்லை. பையைக் கொட்டினேன், ரவிக்கைகளை உதறினேன். அப்புறம்தான் நினைவு வந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று, முடிச்சுப் போடுவதற்காகப் போர்வையின் மடிப்பில் அதைக் குத்தி வைத்தேன். மணி அடித்தது. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் ஓரத்தை மூடிவிட்டேன்.

“ஊசிதானடி, அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி வெளுக்குது?” என்றார் அம்மா.

மறுநாள் காலை அந்தப் போர்வையைக் கோளின் மேல் பொருத்தப் போகிறார்கள். உள்ளே ஒரு ஊசி நழுவி ஏதோ ஒரு கம்பியைத் தொட்டால், எத்தனையோ பேரின் பல வருட உழைப்பு வானத்தில் செத்துப்போகும். பதிவேட்டில் எல்லா ஊசியும் சரியாக இருக்கும். அதனால் யாரும் தேட மாட்டார்கள். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவே தெரியாது.

பெங்களூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட பாபநாசம் தபாலாபீசுக்குக் கிளம்பினேன். அண்ணன் குறுக்கே நின்றான். “ரோட்டுப் பக்கம் போவாத. போலீஸ்காரன் பேரக் கேக்க மாட்டான், எந்தத் தெருன்னுதான் கேப்பான்.”

வேன் அருகே ஒரு போலீஸ்காரர் என் புடவையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, “எங்கம்மா போறீங்க?” என்றார். பிறகு எந்தத் தெரு என்றார். சொன்னேன். அடையாள அட்டையையும் நீட்டினேன்.

“இங்க பாருய்யா, ராக்கெட்டுக்கு ரவிக்கை தைக்குதாம்” என்று இன்னொருவரிடம் காட்டிச் சிரித்தார். அட்டையைத் திருப்பித் தந்தபோது சிரிப்பு இல்லை. “திரும்பிப் போ. இன்னொரு வாட்டி இங்க பாத்தேன், வேன்ல ஏத்திருவேன்.”

திரும்பினேன். நான் போகத்தான் பார்த்தேன், போலீஸ் விடவில்லை, இதற்கு மேல் நான் என்ன செய்வேன்? பத்தடி நடப்பதற்குள் மனசு லேசாகிவிட்டது. அந்த லேசுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கருவேல மறைவில் வாய்க்காலில் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. மேலே பேச்சுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒரு இடத்தில் கரைமேல் பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. நெடுநேரம் கழித்துத்தான் நகர்ந்தது.

தபாலாபீசில் சேற்றுக் காலோடு இரண்டு மணி நேரம் காத்திருந்து டிரங்க் கால் கிடைத்தது. எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் மேடம் முழுவதும் கேட்டார். நான் அழுதுகொண்டே சொன்னேன்.

“அழாத. எந்த மூலை?”

“இடது பக்கம் மேல் மூலைங்க மேடம். மடிப்புக்குள்ள.”

“வேற ஏதாவது உள்ள வச்சிருக்கியா?”

“இல்லைங்க மேடம்.”

போன் வைக்கப்பட்டது.

விடுப்பு முடிந்து போனபோது, என் தையலெல்லாம் பிரிக்கப்பட்டிருந்தது. ஊசி ஒன்பதாவது அடுக்குக்கு நழுவியிருந்ததாம். புதுப் போர்வையை வேறு பெண்கள் தைத்தார்கள். வேலை போகவில்லை. ஆறு மாதம் வலைத்துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்தேன், தையல் பக்கம் விடவில்லை. அது நியாயம்தான்.

இப்போது மறுபடியும் தைக்கிறேன். பூட்ஸ் சத்தம்கூட மறந்துவிட்டது. ஆனால் ‘திரும்பிப் போ’ என்று அந்த ஆள் விரட்டியபோது, எனக்குள் ஒருத்தி நிம்மதியாக மூச்சு விட்டாளே, அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.