தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏஜண்ட் ஆபீசில் நான் குமாஸ்தா. நாடு சுதந்திரமாகி, கொழும்பு போய்வர பெர்மிட், போட்டோ என்று கெடுபிடி தொடங்கிய சமயம். ஏரல் சந்தைக்குப் போவதுபோல் கொழும்புக்குப் போய்வந்த ஜனங்களிடம் திடீரென்று விண்ணப்பப் பாரம் நிரப்பச் சொன்னால் எரிச்சல் வருமா, வராதா? அதெல்லாம் என் தலையில்தான் விடியும்.

அன்று கப்பலிலிருந்து லாஞ்சுப் படகில் வந்து இறங்கியவர்களில் ஏரல் கருப்பட்டிக் கடை அண்ணாச்சியும் அவர் மனைவி செல்லக்கனியும் இருந்தார்கள். அந்த அம்மா கையில் கைக்குழந்தை. கொழும்பிலிருந்த அவள் தங்கை பெற்ற ஆண்பிள்ளை. பெற்றவள் சில நாளில் ஜன்னி கண்டு இறந்துவிட, தகப்பன் இவர்களுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார். பத்திரம், டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் நான் சரிபார்த்தவை. ஒரு குறை சொல்ல முடியாது.

இமிகிரேஷன் ஆபீசர் வங்காளத்துக்காரர். தமிழ் தெரியாது. மெட்ராஸிலிருந்து வந்த குமாஸ்தா ஒருவன் இடையில் நின்று மொழிபெயர்ப்பான். பிள்ளை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, செல்லக்கனி பெருமையாகச் சொன்னாள்.

"தவிட்டுக்கு வாங்குனேன்யா."

அந்த மொழிபெயர்ப்பு மகாராஜன் மேற்கொண்டு கேட்காமல், "வாங்கினாளாம்" என்று இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தான். ஆபீசர் முகம் கறுத்துவிட்டது. பிள்ளையை விலைக்கு வாங்குவது குற்றம், சாயங்காலம் இதே கப்பலில் தகப்பனிடம் திருப்பி அனுப்பு என்று பேனாவை எடுத்துவிட்டார். அண்ணாச்சி பத்திரத்தை நீட்டினார். ஆபீசர் தொடவே இல்லை. செல்லக்கனி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று குறுக்கே புகுந்து, அவளை முழுதும் சொல்லச் சொன்னேன்.

"எந் தங்கச்சிக்கு மூத்தது ரெண்டும் தங்கல. இதாவது தங்கட்டும்னு, பெறந்த அன்னைக்கே எங்கிட்ட ஒரு சொளவு தவிடு வாங்கிட்டு எம் மடியில போட்டா. காயிதம் அவ புருசன் எழுதுனது. பிள்ளையத் தந்தது எந் தங்கச்சில்லா."

பிள்ளை தங்காத வீட்டில், ஒரு முறம் தவிட்டுக்கு அதை விற்றுவிட்டதாகக் காட்டி எமனை ஏமாற்றச் செய்கிற வழக்கம் இது என்று ஆபீசருக்கு விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தவிடா? எங்கள் ஊரில் நொய். என்னை என் அக்கா மூன்று கைப்பிடி நொய்க்கு வாங்கினாள்" என்றார். அவருக்கு முன் பிறந்தவர்களும் தங்கவில்லையாம். முத்திரையை எடுத்துப் பத்திரத்தில் அவரே குத்தினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எதிரே நிற்பவர் பேசி முடித்த பிறகு, ஒன்று விடாமல் மொழிபெயருங்கள். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஆபீசர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னதும், செல்லக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மூணு கைப்பிடிதானா? எம் பிள்ளைக்கு ஒரு சொளவுலா குடுத்தேன்."

என்ன சொல்கிறாள் என்று ஆபீசர் கேட்டார். கும்பிடு சொல்கிறாள் என்றேன்.