திரும்பிப் போக ஊர் இல்லாதவனுக்குக் கிடைத்த வேலை

சபையாரே, ஜெபக் கூட்டத்தில் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கர்த்தர் செய்த உதவியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த உதவி வரும்வரை மனிதர் செய்ததையும் மறைக்க முடியாது.

சிவசமுத்திரத்திலிருந்து நம்ம தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரக் கம்பி இழுத்து வந்த வருஷம், ஆடி மாதம் அது. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறது என் வேலை. ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்தால், வீட்டுப் பின்னால் விறகுக் கொட்டகையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. முனியன், அவன் மனைவி குப்பம்மாள், இரண்டு பிள்ளைகள். தண்ணீர் கேட்டு வந்தவர்களை என் மனைவி ஞானம்மாள் உட்காரவைத்துக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வட ஆற்காட்டுச் சீமையில் ஒரு பண்ணையாரிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டிருந்தவர்கள். மூத்த பெண்ணையும் மாட்டுக் கொட்டகை வேலைக்கு அனுப்பச் சொன்னார்கள். முனியன் மாட்டேன் என்றான். புளிய மரத்தில் கட்டி அடித்தார்கள். முதுகை நான் பார்த்தேன். ஞானம்மாள் வேப்பெண்ணெய் தடவும்போது அவன் சத்தமே போடவில்லை. மைசூர்ச் சீமைக்குள் போய்விட்டால் யாரும் பிடிக்க முடியாது என்று எவனோ சொன்னதை நம்பி, ரயில் ரோட்டை ஒட்டி நடந்தே பவுரிங்பேட்டை வந்து இங்கே சேர்ந்திருந்தார்கள்.

பிடிக்க முடியும். வேலை இல்லாதவன் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் தங்கக் கூடாது. காவற்காரன் கண்டால் விரட்டுவான். ரோட்டுக்குப் போனால் பண்ணையின் ஆட்கள். வேலை கிடைத்தால் உயிர். கிடைக்காவிட்டால் மறுபடி அந்தப் புளிய மரம்.

சுரங்கத்துக்கு ஆள் சேர்த்துவிடும் பெருமாள் மேஸ்திரியிடம் முனியனைக் கூட்டிப்போனேன். மேஸ்திரிகள் ஊர் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். ஒரு கூட்டம் என்றால் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். எவனாவது சொல்லாமல் ஓடிப்போனால் அவன் ஊருக்கே போய்ப் பிடித்து வரலாம், அதற்காக.

"எந்த ஊருடா?" என்றார்.

முனியன் வாயைத் திறக்கவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால் அது நேரே பண்ணைக்குப் போய்ச் சேரும்.

"இன்னாடா, ஊரு பேரு கேட்டா முழிக்கிற? வானத்துல இருந்தா வுழுந்த?"

"மேஸ்திரி, நான் ஜாமீன் நிக்கிறேன்" என்றேன்.

"நீ நில்லுய்யா. இவன் ஓடிட்டா இவன் வேலையும் சேத்து நீயா செய்யப்போற? ஊரு சொல்லாதவன் திருடனா இருப்பான், இல்லாங்காட்டி கொலகாரனா இருப்பான். இட்டுகினு போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதுகில் சதை கிழிந்து நிற்கிறவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர்களிடம் சொன்னேன். எகிப்தை விட்டு வந்த ஜனத்தைப் பற்றி அன்றுதான் பாடியிருந்தோம். ஒரு மூப்பர், பெயர் எழுத மாட்டேன், அவருக்கே தெரியும், என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்பா யோசேப்பு, நமக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? அவங்க நம்ம சபையும் கெடையாது. பண்ணக்காரன் தொரைகிட்ட பிராது குடுத்தா நம்ம வேலயில்ல போவும்?"

"ஐயா, உங்க நைனா எங்க இருந்து ஓடியாந்தாரு?" என்று கேட்டேன்.

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சபையாரே, நம்மில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தானே?

செவ்வாய்க்கிழமை பண்ணைக் காரியக்காரன் சந்தைக்கே வந்துவிட்டான். கையில் பிரம்பு, கூட இரண்டு பேர். "முதுகுல தழும்போட ஒருத்தன் வந்தானா?" என்று கடை கடையாகக் கேட்டான். தாங்கள் போட்ட தழும்பையே அடையாளம் சொல்லிக் கேட்கிறான். கடைக்காரர்களும் யோசித்துப் பார்த்து, மரியாதையாகப் பதில் சொல்கிறார்கள்.

அன்று சாயங்காலம் நானும் ஞானம்மாளும் முழங்கால் போட்டோம். நான் பணிவாகக் கேட்கவில்லை. "ஆண்டவரே, திருப்பி அனுப்பத்தான் இவ்வளவு தூரம் நடத்திவந்தீரா? மேஸ்திரி மனசு கல். சபை மனசும் கல். உம்முடையதும் அப்படித்தானா? வழி காட்டும். காட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் எந்த வாயால் பாடுவது?" என்றேன். ஞானம்மாள் பயந்து என் கையைப் பிடித்தாள். பிறகு, "அவரு சொல்றதயேதான் நானும் சொல்றேன் ஆண்டவரே" என்று அழுதாள்.

அந்த ராத்திரி பிடித்த மழை இங்கே மட்டும் பெய்யவில்லை. இரண்டு நாள் கழித்து ரயிலில் வந்தவர்கள், வேலூர்ப் பக்கம் ஏரிகளில் தண்ணீர் ஏறிவிட்டது என்று செய்தி கொண்டுவந்தார்கள். ஊர் உள்ளவன் என்ன செய்வான்? நடவுக்கு ஓடுவான். பெருமாள் மேஸ்திரியின் கூட்டம் முழுக்க ஒரே ஊர். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒன்றாகக் கிளம்பிவிட்டது. மறுநாள் காலை ஷிப்டுக்கு அவர் சுரங்கக் குழி இறங்கும் ஷாப்டு வாசலில் தனியாக நின்றார். கீழே இறக்க ஆளில்லாமல் கேஜ் கூண்டு சும்மா தொங்கியது. சுரங்கத்தை நடத்தும் கேப்டன் துரை எல்லார் முன்னாலும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கர்த்தர் எனக்கு வார்த்தை கொடுத்தார். வீட்டுக்கு ஓடி, முனியனை இழுத்துவந்து நிறுத்தினேன்.

"மேஸ்திரி, ஊரு கீறவனெல்லாம் எங்க?"

அவர் முறைத்தார்.

"இவனுக்குப் போறதுக்கு ஊரு இல்ல. மழ பேஞ்சாலும் இங்கதான், திருநா வந்தாலும் இங்கதான். இந்த மாதிரி ஆளு உங்களுக்கு வேற எங்க கெடைப்பான்?"

அவர் முனியனை இப்போதுதான் முழுசாகப் பார்த்தார். "நடவுக்கு ஓடமாட்டியே?"

"ஓட வேண்டியதெல்லாம் ஓடியாந்துட்டேங்க சாமி."

"சரி, எறங்குடா."

மத்தியானம் காரியக்காரன் மோப்பம் பிடித்து ஷாப்டு வாசலுக்கே வந்தான். "எங்க ஆளு உள்ள கீறான். மேல அனுப்புங்க" என்றான்.

"உங்க ஆளா? என் கூட்டத்துல எறங்கனவன் என் ஆளு" என்றார் மேஸ்திரி. "வேணும்னா தொரையப் போய்க் கேளு. காலைல இருந்து நல்ல கோவத்துல கீறாரு, உனக்கும் கொஞ்சம் குடுப்பாரு."

துரை இருந்த பக்கம் அவன் ஒருதரம் பார்த்தான். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். அப்புறம் வரவில்லை.

மேஸ்திரி மனம் திரும்பினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஆள் முட்டுப்பாடு. கர்த்தர் அந்த முட்டுப்பாட்டையே எடுத்து எங்களுக்குக் கதவாக வைத்தார். மனிதருடைய இரக்கத்துக்குக் காத்திருந்தால் முனியன் செத்திருப்பான். ஸ்தோத்திரம் கர்த்தருக்கு மட்டும். மேஸ்திரிக்கு இல்லை. மூப்பருக்கு இல்லவே இல்லை.

முனியன் இப்போது லைனில் தட்டி வீடு கட்டிக் குடியிருக்கிறான். குப்பம்மாள் மேலே கல் பொறுக்கும் வேலைக்குப் போகிறாள். நானும் மாறிவிட்டேன். முன்பு என் ஜெபம் என்றால் என் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும், என் தலையில் பாறை விழக் கூடாது, அவ்வளவுதான். இப்போது எந்த மேஸ்திரிக்கு ஆள் குறைகிறது என்று விசாரித்து, அதையும் சேர்த்து ஜெபிக்கிறேன். வருகிறவர்கள் நின்றபாடில்லை.

பிரியமானவர்களே, என் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை. உங்களுக்கும் கோபம் வரட்டும். அதை அப்படியே கர்த்தரிடம் கொண்டுபோங்கள். அவர் என்னைத் தள்ளவில்லை, உங்களையும் தள்ள மாட்டார். நம்பிக் கேளுங்கள். ஆனால் ஆமென் சொன்னதும் படுத்துவிடாதீர்கள். கோரமண்டல் சுரங்கத்துப் பக்கம் நேற்று ஒரு விதவையும் அவள் தம்பியும் வந்து இறங்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை அவர்களுக்காக அங்கே மேஸ்திரி முன்னால் போய் நிற்கப்போகிறேன். நான் ஒருவன் சொல்லும் ஜாமீன் போதாது. யாராவது கூட வாருங்கள்.