ஆமென் சொன்ன வாய்

முலான்ஜே மலையடிவாரத்துக் கடைவீதிச் சபையில் லிம்பிகானி மொழிபெயர்க்க நின்றால், போதகர் வாயை மூடுமுன்பே பாதி வாக்கியம் ஊர்மொழியான சிச்சேவாவில் சனங்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். காது அடுத்ததைக் கேட்கும், வாய் முந்தினதைச் சொல்லும். தேயிலைத் தோட்டக் கூலிக்காரர் வீட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். அவன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, மகன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போதகர் மலுங்காவும் அதே மண்ணில் பிறந்தவர்தான். சிச்சேவாவில்தான் மனைவியோடு சண்டை போடுவார். ஆனால் ஆங்கிலத்தில் பிரசங்கித்து, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவனை நிறுத்தினால்தானே பெரிய ஊழியக்காரர் என்ற மதிப்பு.

அப்பா இறந்த காலையில் லிம்பிகானி போதகர் வீட்டுக்கு ஓடினான். மலுங்கா மாமரத்தடியில் நின்று போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, அப்பா போயிட்டாரு. நாளைக்குக் காலையில அடக்கம். நீங்க வந்து ஜெபம் பண்ணணும். மாதர் சங்கத்துக்கும் சொல்லி விடணும்."

"சரி தம்பி, சரி. வந்துடறேன்." கட்டைவிரல் நிற்கவேயில்லை.

வரவில்லை. போதகர் சொல்லாமல் மாதர் சங்கத்தார் சீருடை போட்டுச் சாவு வீட்டில் பாட வரக்கூடாது என்பது சபைச் சட்டம். வெயில் ஏறும்வரை காத்திருந்துவிட்டு, பாட்டும் ஜெபமும் இல்லாமல், சபையை விட்டுத் தள்ளப்பட்டவனைப் போல அப்பாவைப் புதைத்தார்கள். மூப்பர்கள் விசாரித்தபோது மலுங்கா பதறாமல் சொன்னார்: "அவன் என்கிட்ட வரவே இல்லயே. பெத்த அப்பன் சாவச் சொல்லக்கூட நேரமில்லாத படிச்ச பிள்ளை."

சபை போதகரை நம்பியது. கடைவீதியில் கருவாடு விற்கிறவள்கூட விடவில்லை. "படிச்ச தம்பி, காலேஜ்ல எல்லாம் சொல்லித் தந்தாங்க, சாவு சொல்ல மட்டும் சொல்லித் தரலயாக்கும்?"

மலுங்கா பொய் சொல்கிறாரா, இல்லை உண்மையிலேயே காதில் ஏறவில்லையா என்று லிம்பிகானி சில நாள் யோசித்தான். பிறகு விட்டுவிட்டான். எதுவாக இருந்தாலும் அந்த ஆள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி மேடைப் பக்கமே வரமாட்டான் என்று எல்லோரும் நினைத்திருக்க, அடுத்த ஞாயிறே வந்து வழக்கமான இடத்தில் நின்றான். அங்கிருந்துதான் போதகரின் விரித்த வேதப்புத்தகத்துக்குள் கிடக்கும் போன் தெரியும். தன் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் மலுங்காவின் கண் அதில் விழும். லிம்பிகானி சொல்லி முடிக்கையில் குரல் தாழ்ந்ததும், நிமிராமலே "ஆமென்" வரும். குரல் தாழ்வதற்கு மட்டும்தான் அந்தக் காது காவல் இருக்கிறது, சொல்லுக்கு இல்லை என்று லிம்பிகானிக்குப் பட்டது. அவனுக்கே தெரிந்த சங்கதிதானே. பழகின வேலை தானாக ஓடும். புத்தி ஒரு இடத்தில்தான் உட்காரும்.

சோதித்துப் பார்த்தான். மோசே கடலைப் பிளந்தார் என்று போதகர் சொன்னதை, மோசே கடலோரம் மீன் காயப்போட்டார் என்று சொன்னான். சனங்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆமென்," என்றார் மலுங்கா.

போன் பையில் இருந்த ஒரு ஞாயிறு அதே மாதிரி எதையோ மாற்றிச் சொன்னான். உடனே திரும்பினார். "தம்பி, நான் அப்படிச் சொல்லலயே." இன்னொரு நாள் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் உயர்த்தினான். தலை நிமிர்ந்துவிட்டது. ஆக, குரல் மாறக்கூடாது. அதுதான் கஷ்டம். நெஞ்சுக்குள் எரிகிற தீயின் சூடு தொண்டைக்கு வரக்கூடாது. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதைத் தாலாட்டு மாதிரிச் சொல்லிச் சொல்லிப் பழகினான்.

பக்கத்து ஊர்ச் சபைகளும் கூடிய ஞாயிறு அது. மலுங்கா கர்த்தரின் இரக்கத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் குனிந்தார். லிம்பிகானி ஆரம்பித்தான்.

"அப்பா செத்துட்டார்னு லிம்பிகானி என் வீட்டுக்கு வந்து சொன்னான்."

"ஆமென்."

"வந்துடறேன்னு சொன்னேன். போகல." அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. குரல் ஒரு நூல் நடுங்கியது, இழுத்துப் பிடித்தான். "அப்புறம் அவன் வரவே இல்லன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"ஆமென், ஆமென்." ஒரு கைகூட மேலே உயர்ந்தது.

சபை அடங்கிப்போனது. அந்த அமைதிதான் மலுங்காவை நிமிர வைத்தது. முன்வரிசையில் மாதர் சங்கத் தலைவி நாமங்காலே அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"அய்யா, இப்ப நீங்க எதுக்கு ஆமென் சொன்னீங்க?"

"வசனத்துக்குத்தாம்மா."

"என்ன வசனம்?"

மலுங்கா லிம்பிகானியைப் பார்த்தார். லிம்பிகானி கூரையைப் பார்த்தான். அந்த அம்மாவே ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்.

"நான் கவனிக்கலம்மா. இவன் என்ன சொன்னான்னு என் காதுல விழல."

"பக்கத்துல நின்னு சொல்றதே விழல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னது மட்டும் விழுந்திருக்குமாக்கும்? நம்ம ஆளு செத்தாரு, சீருடை இல்லாம நாங்க வீட்டுக்குள்ள உக்காந்திருந்தோம். எந்திரிங்கடி. இப்பவே கல்லறைக்குப் போறோம். அய்யா, நீங்களும் வாங்க."

வெள்ளைச் சட்டைச் சீருடையில் மாதர் சங்கப் பெண்கள் பாடிக்கொண்டே கிளம்பினார்கள். முன்னால் லிம்பிகானி. கல்லறைக்குக் குறுக்கு வழி உண்டு. அவன் கடைவீதி வழியே போனான். கருவாட்டுக்காரி எழுந்து நின்று பார்த்தாள்.

"தம்பி, அந்தப் பக்கமா போனா வெயில் கம்மியாச்சே," என்றார் மலுங்கா பின்னாலிருந்து.

"ஆமாங்கய்யா," என்று சொல்லிவிட்டு லிம்பிகானி நடையை இன்னும் மெதுவாக்கினான்.

கல்லறையில் மலுங்கா வழக்கம்போல ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் ஜெபித்து நிறுத்தினார். மொழிபெயர்ப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கய்யா. நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்க."

மலுங்கா சிச்சேவாவில் தடுமாறித் தடுமாறி ஜெபித்தார். மன்னிப்பும் கேட்டார். லிம்பிகானி ஒரு சொல் விடாமல் கேட்டான். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவன் மட்டும் சொல்லவில்லை.