பெரியப்பா சொன்ன பின்பாதிகள்

போன வாரம் அண்ணனோடு ஒரு மால் தியேட்டரில் படம் பார்க்கப் போயிருந்தேன். இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் பாப்கார்ன் டப்பாவும் கையுமாக நான் எழுந்துவிட்டேன். படம் அத்தனை மோசம். ஆனால் எழுந்தது நானில்லை, எனக்குள் இருக்கும் பெரியப்பா.

தாம்பரத்தில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அதே மனிதரால் மதியக் காட்சியில் ஒரு சொத்தைப் படத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இடைவேளை விட்டதும், "இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல, கிளம்புங்க" என்பார். பெரியம்மா, அவர்கள் மகனான அண்ணன், நான் மூவரும் வாயில் முட்டை பஃப்ஸோடு பின்னால் ஓடுவோம். இரும்புலியூர் வீடுவரை நடந்துகொண்டே மீதிக் கதையை அவரே சொல்லிவிடுவார். அவர் கதையில் காமெடியனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கும். கதாநாயகனின் தங்கை மட்டும் ஒருநாளும் சாகமாட்டாள். "பழி வாங்க வேற காரணமே கிடைக்கலையா இவங்களுக்கு?" என்று ஜி.எஸ்.டி. ரோடே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். உண்மையான பின்பாதி எதுவும் எங்களுக்குத் தெரியாது. அதனால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அப்படிப்பட்டவரின் பிள்ளை சினிமாவுக்குத்தான் போனான். பல வருஷம் உதவி இயக்குநராக அலைந்து அண்ணன் எடுத்த முதல் படம், நாங்கள் வழக்கமாகப் போகும் அதே தியேட்டரில் வெளியானது. கூட்டமே இல்லை. அண்ணன் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டு, திரையை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் சகிக்கவில்லை, அதை மறைப்பானேன். இடைவேளை விட்டதும் பெரியம்மா பழக்கதோஷத்தில் கைப்பையை எடுத்துவிட்டார்.

"எங்க கிளம்புற? உக்காரு" என்றார் பெரியப்பா.

பஃப்ஸ் வாங்கக்கூட அவர் எழவில்லை. எழுந்தால் பிள்ளை தப்பாக நினைத்துவிடுவானோ என்று பயந்திருக்க வேண்டும். பின்பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தங்கச்சி செத்துப்போனாள். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை இடத்தைவிட்டு நகரவில்லை.

வெளியே வந்து நடந்தோம். இரும்புலியூர் திருப்பத்தில் அண்ணன்தான் வாயைத் திறந்தான்.

"அப்பா, செகண்ட் ஆஃப் சொல்லுங்கப்பா."

பெரியப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொதல்ல அந்தத் தங்கச்சி சாகக் கூடாதுடா" என்றார். அண்ணன் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். வீடு வந்தும் கதை முடியவில்லை. கேட்டைத் திறக்காமல் வாசலிலேயே நின்று கேட்டோம். அவர் சொன்னதிலேயே அழகான பின்பாதி அதுதான்.

பெரியப்பா இப்போது இல்லை. அண்ணன் விளம்பரப் படங்கள் எடுக்கிறான். போன வாரம் நான் எழுந்ததும் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான்.

"உக்காருடி. இதை எடுத்தவனோட அப்பா இங்க எங்கயாவது உக்காந்திருப்பாரு."

மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.