அவர் மேசையில் மட்டும் முதலிடம்

என் வேலை என்னவென்று அம்மாவுக்குக் கடைசிவரை என்னால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "இன்டர்நெட்டுல ஒரு சாமானத் தேடுனா கம்பெனிக்காரங்க பேரு முதல்ல வரணும்லா, அதுக்கு நாங்க வேலை பாப்போம்" என்று போனில் சொன்னேன்.

"என்னட்டி வேலை பாப்பீங்க?"

யோசித்தேன். ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பி எழுதுவோம். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நாங்களே இணைப்புக் கொடுத்துக்கொள்வோம். "எழுத்து வேலைதாம்மா" என்று முடித்துவிட்டேன்.

"அந்த எழுத்த இங்கன வந்து எழுதுனா ஆகாதா?"

அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு அது லீவுக்குப் போய்வந்த இடம், அவ்வளவுதான். பிறந்து வளர்ந்தது கொல்கத்தாவில். பவானிபூரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் தங்கிவிட்டேன். சித்தி முறை வைத்து நான் காக்கிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கல்யாணம் எப்போது என்று கேட்பாள். பதில் வருவதற்குள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஆபீஸ் சால்ட் லேக் செக்டர் ஃபைவில். வந்ததும் எல்லோரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். பக்கத்து நாற்காலிக்காரி என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் திரும்பமாட்டாள், கணினியில் செய்தி அனுப்புவாள். நான் எழுதியதெல்லாம் மனிதர் படிப்பதற்கு அல்ல, தேடுபொறி படிப்பதற்கு. எங்கோ அமெரிக்காவில் பல் பிடுங்குகிறவர், ஆஸ்திரேலியாவில் கூரை போடுகிறவர், இவர்களைப் பற்றி நாள் முழுக்க எழுதினேன். நன்றாயிருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. குப்பை என்று திட்டியிருந்தால்கூட யாரோ படித்தார்கள் என்று ஆகியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஹவுரா பட்டறை என் கைக்கு வந்தது. அதுவரை அதைப் பார்த்துவந்தவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். பாதாளச் சாக்கடைக்கு இரும்பு மூடி வார்க்கும் பட்டறை. முதலாளி வயதான வங்காளி. அவர் மூடிகள் கப்பலேறி வெளிநாட்டுத் தெருக்களில் போய்க் கிடந்தன. ஆனால் விற்றவன் ஓர் ஏற்றுமதி ஏஜெண்ட். சரக்கு யாருக்குப் போகிறது என்பதைக்கூட அவன் இவருக்குச் சொல்லமாட்டான். வாங்குகிறவர்கள் நேராகத் தன்னைத் தேடி வரவேண்டும் என்பது இவர் ஆசை. அதற்காகத்தான் வெப்சைட், அதற்காகத்தான் நாங்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மாத ரிப்போர்ட் மெயிலில் போகும். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் நேரில் போய், அவர்களுடைய கணினியிலேயே தேடிக் காட்டவேண்டும். மரியாதைக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதல் தடவை போனபோது அவர் கேட்டது, "கேயேச்சோ, மா?" சாப்பிட்டாயா என்று. வங்காளிப் பெரியவர்கள் பெண்பிள்ளைகளை மா என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் அப்பா அம்மா திருநெல்வேலிக்குப் போனபிறகு கொல்கத்தாவில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். பெரியப்பா என்ற அர்த்தத்தில் நான் ஜேட்டு என்று கூப்பிட்டேன். தன் டிபன் டப்பாவில் பாதியை எனக்குத் தந்தார். பிறகு கணினியில் தேடிக் காட்டினார். தினமும் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டியதும் அவருக்கு அடுத்த வேலை இதுதான். இரும்பு மூடி என்று தேடுவார், தன் பட்டறை பெயர் வந்ததும் அதைத் தட்டித் திறந்து பார்ப்பார். அன்றும் திறந்தார். முதல் இடத்தில் இருந்தது.

"தேக்கோ மா, உலகத்துலயே ஃபர்ஸ்ட்!"

ஆபீசுக்கு வந்து என் கணினியில் தேடினேன். ஏழெட்டுப் பக்கம் தள்ளியும் அவர் இல்லை. அடுத்த மாதம் போனபோது காரணம் தெரிந்தது. அவருடைய மெயில் கணக்கு எப்போதும் திறந்தே கிடந்தது. அப்படிக் கிடந்தால், ஒருவர் எதை அடிக்கடி தட்டுகிறாரோ அதைத் தேடுபொறி அவருக்கு மட்டும் மேலே தூக்கிக் காட்டும். மனுஷன் தினமும் தன்னையே தட்டித் தட்டி, தன்னை முதலிடத்தில் ஏற்றி வைத்திருந்தார்.

மேனேஜரிடம் போனேன். அண்ணன் என்ற அர்த்தத்தில் அவரை எல்லோரும் தாதா என்போம். "தாதா, அது அவரு மிஷின்ல மட்டும்தான் முதல்ல வருது."

"அதனாலதான அங்க போயி காட்டச் சொல்றோம்" என்று சிரித்தார். "கண்ணாடில மூஞ்சியப் பாத்து சந்தோஷப்படுறாரு. உனக்கு எங்க வலிக்குது?"

"இது ஏமாத்துறது."

"ஓ, மாதாஜி! அடுத்த வருஷ கான்ட்ராக்ட்ல அவரு கையெழுத்துப் போடட்டும். அப்புறம் போயி உபன்யாசம் பண்ணு."

அந்த வாரமே விஸ்வகர்மா பூஜை, நம் ஆயுத பூஜை மாதிரி. ஜேட்டு என்னைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார். ஹவுரா வானம் முழுக்கப் பட்டம். பட்டறையில் உலை அணைந்து கிடந்தது. லேத்து, கிரேன், எடைமேடை எல்லாவற்றுக்கும் செந்தூரப் பொட்டு. கணினிக்கும் பொட்டு வைத்து, கீபோர்டின்மேல் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். தொழிலாளர்களோடு வரிசையில் என்னை உட்காரவைத்துத் தானே கிச்சுரி பரிமாறினார். "இந்தப் பொண்ணு ஆபீஸ்தான் நம்மள முதல்ல கொண்டுவந்தது" என்று எல்லோரிடமும் சொன்னார். "நாளைக்குக் காலையில அந்த ஏஜெண்டுக்கு போன் போட்டு, இனிமே உன் சங்காத்தமே வேண்டாம்னு சொல்லிடப்போறேன்."

வெப்சைட்டைப் பார்த்து ஒரு வெளிநாட்டுக்காரரும் எழுதியதில்லை. ஏஜெண்டும் போய்விட்டால் பட்டறை படுத்துவிடும். வாயைத் திறந்தால் இந்த வரிசையில் எனக்கு இனி இடமில்லை. இரண்டும் எனக்கு அப்போதே தெரிந்தது.

"ஜேட்டு, போன் பண்ணாதீங்க."

"ஏன் மா?"

"நீங்க ஃபர்ஸ்ட் இல்ல. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அப்படி வருது. வேற எங்க தேடுனாலும் நீங்க இல்ல."

பக்குவமாகச் சொல்ல எனக்கு என்றுமே வராது. கரண்டியோடு நின்றுவிட்டார். "காட்டு" என்றார்.

எப்படிக் காட்டுவது? கைபேசியில் இன்டர்நெட் பரவாத காலம். பூஜையன்று எந்த மிஷினையும் தொடக்கூடாது. தெருமுனை சைபர் கபேக்காரனும் எல்லா மானிட்டருக்கும் மாலை போட்டுக் கடையைச் சாத்திவிட்டான்.

"இன்னைக்கு முடியாது ஜேட்டு."

"அப்ப இன்னைக்கு ஏன் சொன்ன?"

"ஆபீஸ்ல தீதிக்கு ஏதோ சண்ட போல" என்று வரிசையில் ஒருவன் என்னை அக்காவாக்கிச் சொன்னான். சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தெனமும் என் கண்ணால பாக்குறேன் மா. என் கண்ணு பொய் சொல்லுதா?"

"கண்ணு இல்ல. மிஷின் பொய் சொல்லுது."

"பூஜை அன்னைக்கு மிஷினப் பத்தி அப்படிப் பேசாத."

"வேற யாரு வீட்டுலயாவது தேடிப் பாருங்க. அதுவரைக்கும் ஏஜெண்ட விட்டுடாதீங்க" என்று சொல்லி எழுந்தேன். இலையில் பாதி மிச்சம். உட்காரச் சொல்வார் என்று கை கழுவுகிற இடத்தில் கொஞ்சம் நின்றேன். சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் தேடியிருக்கிறார், தன் மேசையில். முதலிடத்தில்தான் வந்திருக்கும், வேறென்ன வரும்? மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நான் ஒரு வார்த்தை பேசல. நீ சொன்னது பொய்னு அவரே போன் பண்ணிச் சொல்லிட்டாரு." பட்டறையை என்னிடமிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுத்தார்கள்.

துர்கா பூஜையெல்லாம் முடிந்து, குளிர் தொடங்கிய பிறகு ஒருநாள் அவரே போன் செய்தார்.

"மா, பேஹாலாவுல தங்கச்சி வீட்டுக்கு வந்தேன். இங்க தேடினேன். எங்கயுமே இல்ல."

"ஏஜெண்ட்?"

"விடல. நீ சொன்னது மனசுல அரிச்சுக்கிட்டே இருந்தது. உங்க ஆபீஸத்தான் விட்டுட்டேன்."

ஒருநாள் வா என்பார் என்று காத்திருந்தேன். "ஆச்சா மா", சரிம்மா, என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அடுத்த வருஷப் பூஜைக்கும் அழைப்பு இல்லை. அத்தனை பேர் முன்னால் அவர் சந்தோஷத்தை உடைத்தவள் நான், என்னை எப்படி அழைப்பார்? இது எனக்குப் புரிகிறது. புரிந்தும் கோபம் போகவில்லை. பொய் காட்டியவர்கள் யார் வீட்டுச் சோற்றையும் இழக்கவில்லை.

அந்த வேலையை விட்டேன். வேறோர் ஆபீசில் அதே வேலை. அறைக்கு ஒரு கணினி வாங்கினேன். காலையில் கிளம்புமுன் தேநீரோடு உட்கார்ந்து இரும்பு மூடி என்று தேடுவேன். யாரும் போகாத கடைசிப் பக்கங்கள்வரை தள்ளி அவர் பட்டறையைக் கண்டுபிடித்துத் திறப்பேன். மூடிகளின் அடுக்குக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் நிற்கும் படம் வரும். என் மெயில் கணக்கு திறந்தேதான் கிடக்கும். நான் அதை மூடுவதில்லை. போகப் போக அவர் முன்னால் வந்தார். அதற்கடுத்த கோடையில் முதலிடத்துக்கு வந்துவிட்டார், என் மேசையில்.