மூன்றாம் லைனுக்கு வந்த சிக்னல்

பதினான்கு வருடம் வினோலியா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தாள். போன வருடம் பங்காருப்பேட்டையில் கூட்டம் நெருக்கித் தள்ளியதில் பெட்டியின் படியிலிருந்து விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்தார்கள். இனி ரயிலில் நின்றுகொண்டு போகிற வேலையே கூடாது என்றார் டாக்டர்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. லேப்டாப்பும் ஹெட்போனும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் அவள் வீடு ஸ்கெலட்டன் என்ற பகுதியில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் மூன்றாவது லைனில் இருந்தது. இன்டர்நெட் கேபிள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. ஒரு வீட்டுக்காக உள்ளே இழுக்க முடியாது என்றார்கள். செல்போன் டேட்டாவில் டாக்டரின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்துபோனது.

அவள் வீட்டிலிருந்து வேலை தொடங்கிய மூன்றாவது வாரம் மேனேஜர் விநாயக் போன் செய்தார்.

"மேடம், அந்த மைன்ஸ் ஏரியாவுல இதெல்லாம் செட் ஆகாது. ஒண்ணு ஆபீஸ் வாங்க, இல்லன்னா ரிசைன் பண்ணிடுங்க."

"ரெண்டும் பண்ண மாட்டேன் சார். எனுக்கு ஒரு மாசம் டைம் குடுங்க. அதுல கடைசி பத்து நாள் ஒயுங்கா ஓடலன்னா அப்போ பேசுங்க."

அவர் அரைமனதாக ஒப்புக்கொண்டார். அன்று மாலையே அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வால்டரிடம் போனாள்.

"அண்ணே, என் பேர்ல ஒரு கனெக்ஷன் எடுக்கிறேன். ரவுட்டர் மட்டும் உங்க கடையில இருக்கட்டும்."

"வெச்சுக்கோமா. ஆனா உன் வூடு எங்க கீது, கடை எங்க கீது? அவ்ளோ தூரம் சிக்னல் வருமா?"

"வர வெக்கிறேன்."

கடைக்கும் வீட்டுக்கும் எழுபது அடி. குறுக்கே இருந்தவை கல் சுவரும் தகரக் கூரையும்தான். லேப்டாப்பைப் பின்வாசலில் வைத்தால் ஒரு கோடு தெரிந்தது. அறைக்குள் கொண்டுவந்தால் அதுவும் போனது. லேப்டாப்புக்குள் இருக்கும் ஆன்டெனா சிறியது, யூஎஸ்பியில் வெளியே ஒன்றைச் செருகினால் தூரம் கூடும் என்று படித்து, ஒரு அடாப்டர் வரவழைத்தாள். நகத்தளவு இருந்த அது ஒரு கோட்டைக்கூட ஏற்றவில்லை. திருப்பி அனுப்பிவிட்டு, சாண் நீளத்தில் இரண்டு ஆன்டெனா உள்ளதை வாங்கினாள். அதையும் லேப்டாப்பிலேயே செருகியபோது பெரிய வித்தியாசம் இல்லை.

"வுட்டுடேன் வினோ," என்றான் கணவன் சைலஸ். "ஆபீஸ் பக்கத்துல ரூம் எடுத்துக்கலாம்."

"நான் ஏன் போணும்? சுவருக்கு உள்ள இருந்தா எப்படி வரும்? அத்த வெளிய கொண்டு போவலாம்."

பத்து மீட்டர் யூஎஸ்பி வயர் வாங்கி வந்து இழுத்தார்கள். லேப்டாப் அடாப்டரை அடையாளமே காணவில்லை. வயர் நீளம் கூடினால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்தது. ஐந்து மீட்டர் வயருக்கு மாற்றி, அது எட்டும் இடத்துக்கு மேசையை நகர்த்தினாள். அடாப்டரை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கடையைப் பார்த்தபடி, தகர விளிம்புக்கு ஒரு அடி தள்ளி மூங்கில் கழியில் சைலஸ் கட்டினான். லேப்டாப் இன்னும் தனக்குள் இருக்கும் வைஃபையையே பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதை அணைத்தாள். வால்டர், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை எடுத்து, தெருப்பக்க ஜன்னல் மேல் உள்ள பலகையில் வைத்தார்.

மூன்று கோடு ஏறியது. ஒரு இதய டாக்டரின் பதிவைத் திறந்தாள். பதினொரு நிமிடப் பேச்சு ஒரு இடத்திலும் அறுபடாமல் ஓடியது. ஹெட்போனைக் கழற்றாமலே அழுதாள்.

பத்து நாள் சோதனை தொடங்கியது. ஆறாம் நாள் பிற்பகலில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் கழி சாய்ந்து லைன் போனது. சைலஸ் வேலைக்குப் போயிருந்தான். வினோலியா பெஞ்சை இழுத்துப் போட்டு, தகடு வைத்த இடுப்போடு அதன்மேல் ஏறி, நனைந்துகொண்டே கழியை நிமிர்த்திக் கயிற்றை இறுக்கினாள். இறங்கும்போது வலியில் கண் இருண்டது. திரும்ப உட்கார்ந்தபோது விநாயக் லைனில் இருந்தார்.

"டிஸ்கனெக்ட் ஆச்சா மேடம்?"

"ஆச்சு. ஒம்பது நிமிஷம். மறைக்க மாட்டேன்."

"அதான் நான் சொன்னேன்..."

"நேத்து உங்க ஆபீஸ்ல கரன்ட் போயி இருபது நிமிஷம் எல்லாரும் சும்மா இருந்தாங்க சார். க்ரூப்ல நீங்கதான் மெசேஜ் போட்டீங்க. அவங்க யாரையாவது ரிசைன் பண்ணச் சொன்னீங்களா?"

அவர் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு உரிய குறிப்புகளை அவள் நேரத்துக்கு முடித்து அனுப்பினாள்.

பத்தாம் நாள் கழிந்து மெயில் வந்தது. தற்காலிகமாக மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று இருந்தது. சைலஸ் சந்தோஷப்பட்டான். அவள் படவில்லை.

"என் இடுப்பு மூணு மாசத்துல புதுசா ஆயிடுமா?" என்றாள்.

டாக்டர் கடிதத்தையும், பத்து நாள் முடித்த வேலையின் பட்டியலையும் சேர்த்து, 'தற்காலிகமாக மூன்று மாதம்' என்ற சொற்களை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள் என்று பதில் எழுதினாள். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. சைலஸ் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அந்தச் சொற்கள் இல்லாமல் மெயில் வந்தது.

அவள் நன்றி எழுதவில்லை. 'கிடைத்தது' என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டு, அடுத்த பதிவைத் திறந்தாள்.